நாற்பத்தோராம் பக்கம்

சனிக்கிழமைகளில் நூலக மாடியில் தத்துவப் புத்தகம் படிக்கும் அந்தக் குழுவில் யார் வேண்டுமானாலும் சேரலாம். விதி ஒன்றே ஒன்றுதான். ஒருவர் ஒரு வாக்கியம் படிப்பார். மற்றவர்கள் வரிசையாகப் “புரிஞ்சுது” என்று சொல்ல வேண்டும். ஒரே ஒருவர் “புரியல” என்றாலும் பக்கம் புரளாது.

லிஃப்ட் மெக்கானிக் ஐந்து வாரமாகப் “புரியல” என்றே சொல்லிக்கொண்டிருந்தான்.

அவன் கையிலிருந்தது அக்காவின் புத்தகம். குழுவுக்காக முன்கூட்டியே படித்து, ஓரத்தில் பென்சிலால் எழுதி வைப்பது அவள் வழக்கம். அந்த எழுத்து நாற்பத்தோராம் பக்கத்தோடு நின்றுவிட்டது. அவள் இறந்தபின் அவள் நாற்காலியில் இவன் வந்து உட்கார்ந்தான். அழுகை வரவில்லை. பசியும் அவ்வளவாக இல்லை. இந்தப் பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது மட்டும் உள்ளே மிச்சமிருந்தது. அதை யாரிடமும் அவன் சொல்லவில்லை.

“இல்லாத ஒன்று, இல்லாமலிருப்பதாலேயே ஒரு காரியத்தைச் செய்யக்கூடும்,” என்று அந்தப் பக்கத்தின் கடைசி வாக்கியத்தை இந்த வாரமும் வாசித்தார் மருந்துக்கடைக்காரர். “மாத்திரை போடல, ஜுரம் ஏறுது. அவ்வளவுதான் தம்பி.”

“புரியல.”

“ஏண்ணே, அஞ்சு வாரமா வண்டி ஒரே ஸ்டாப்புல நிக்குது,” என்றாள் பஸ் ஓட்டுகிற பெண். “பின்னாடி ஹாரன் காதைப் பொளக்குது!”

எல்லோரும் சிரித்தார்கள். தையற்காரர் உதவிக்கு வந்தார். “உங்க தொழில்லயே இருக்கே தம்பி. கரண்ட் இல்லேன்னா லிஃப்ட் பொத்துனு கீழ விழுது. அதானே?”

“விழாதுங்க!”

தப்பான விளக்கத்தை விட்டுவைப்பது அவனால் ஆகாத காரியம். உள்ளங்கைகளை ஒன்றோடொன்று அழுத்திக் காட்டினான்.

“பிரேக் எப்பவும் இப்படிக் கவ்விக்கிட்டுத்தான் இருக்கும், ஸ்பிரிங் பலத்துல. கரண்ட் வந்துதான் அதை விலக்கிப் பிடிக்குது. அப்பத்தான் லிஃப்ட் நகரும். கரண்ட் போச்சுன்னா ஸ்பிரிங் தானா கவ்விடும். கரண்ட் இல்லாம போறதுதான் லிஃப்டைப் பிடிச்சு நிறுத்து…”

கைகள் அழுத்தியபடியே நின்றன.

“அட, புரிஞ்சுது!” என்றார் தையற்காரர். “புரிஞ்சுது,” என்றாள் பஸ்காரி. மருந்துக்கடைக்காரரும் தலையாட்டினார். பிறகு மூவரும் அவனைப் பார்த்தார்கள். இனி எந்த முகத்தோடு மறுப்பது?

“புரிஞ்சுது,” என்றான்.

பக்கத்தைப் புரட்டினான். ஓரம் வெள்ளையாக இருந்தது. ஏதாவது ஆகும் என்று காத்திருந்தான். ஒன்றும் ஆகவில்லை. அடுத்து வாசிக்க வேண்டியவன் அவன்தான். அறிவிப்புப் பலகையை வாசிப்பவன் போல, முதல் வாக்கியத்தைப் படித்தான்.