வீட்டோடு வந்த துப்பாக்கி

துப்பாக்கியைச் சமையல்மேடையில், உரித்த வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நகராட்சி நலப்பிரிவு அலுவலர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். அடுத்தவர் குழந்தையை உரியவர் மடியில் திருப்பிப் போட்ட நிம்மதி அவர் முகத்தில். இனி அது அழுதாலும் சிரித்தாலும் இவர்கள் பாடு.

"இரட்டைக் குழல், சார். பழசுதான். ஆனா நல்லாப் பேசும். உங்களுக்குப் போய் நான் சொல்லணுமா?"

மேஜர் தலையாட்டினார். தலையாட்டுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

அவர் மேஜரும் இல்லை, ஒன்றும் இல்லை. படைப்பிரிவில் முடி வெட்டுகிறவராக இருந்து ஓய்வுபெற்றவர். திரும்பி வந்த புதிதில் அவருடைய நிமிர்ந்த நடையைப் பார்த்துக் கடைத்தெருவில் யாரோ விளையாட்டாக வைத்த பெயர் அது. கடைத்தெரு ஒட்டும் பெயர், சாமான்மேல் ஒட்டிய விலைச்சீட்டு மாதிரி. கிழித்தாலும் பசை போகாது. அதே சாக்கில் கோழிக்கடையில் வெட்டுகிற அவர் மனைவியும் மேஜரம்மா ஆனாள். அவளுக்கு அதில் கொள்ளை சந்தோஷம். வெட்டுக்காரி என்று கூப்பிட்டவர்கள் வாயாலேயே அம்மா என்று வந்ததே.

இந்த வீடு வந்ததும் அவளால்தான். முன்னாள் படைவீரர் குடும்பங்களுக்கென்று நகராட்சி ஒரு வரிசை வீடு கட்டியது. உள்ளேயே குழாய். சுவரில் ஆணி அடிக்க யாரையும் கேட்க வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை: வீடு வாங்குகிறவர் ஊருக்கு ஏதாவது ஒரு விதத்தில் உதவியாக இருக்க வேண்டும். ஒருவர் தண்ணீர் லாரி ஓட்ட ஒப்புக்கொண்டார். கணவனைப் போரில் இழந்த பெண் ஒருத்தி மருத்துவமனைக்குத் துணி தைத்துத் தருகிறேன் என்றாள். மேஜரின் முறை வந்தபோது நகராட்சித் தலைவர், "நீங்க என்ன செய்வீங்க?" என்று கேட்டார். மேஜர் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தார். முடி வெட்ட ஊரில் ஆளா இல்லை? காத்திருந்த குடும்பங்களோ வீடுகளைவிட அதிகம். மேஜரம்மா பேரம் பேசுகிறவர்களுக்கு நடுவில் பிறந்து வளர்ந்தவள். வருகிறவன் செருப்பைப் பார்த்து விலை சொல்லுகிற கூட்டம். அவள் ஒரு எட்டு முன்னால் வைத்தாள்.

"என்னங்க சார் இப்படிக் கேட்டுட்டீங்க? மலைமேல, குண்டு விழற இடத்துல வருஷக்கணக்கா இருந்த மனுஷன். இவரு கை நடுங்கி நான் பார்த்ததே இல்ல. என்ன பண்ணினாருன்னு அவரு வாயால சொல்ல மாட்டாரு. சொன்னா உங்களுக்குச் சோறு இறங்காது."

ஒரு சொல்லும் பொய்யில்லை. தலைவர் எச்சில் விழுங்கினார். சாவி கைக்கு வந்தது.

சந்தைக்குப் பின்னாலிருக்கும் குப்பைமேட்டுக்குக் காட்டுப்பன்றிகள் வர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். முதலில் குப்பையோடு நிறுத்திக்கொண்டன. பிறகு சந்துகளுக்குள் வந்தன. போன வாரம் துப்புரவு வேலைக்காரி ஒருத்தியை ஆண் பன்றி ஒன்று கிழித்துவிட்டது. அவள் தன் குடலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தண்ணீர் தளும்பாமல் எடுத்து வருகிறவளைப்போல மெதுவாக நடந்து வந்து கோழிக்கடை வாசலில் உட்கார்ந்தாள். "கொஞ்சம் பிடிச்சுக்கறியா அக்கா?" என்றாள். மேஜரம்மா பிடித்துக்கொண்டாள். ஆம்புலன்ஸ் வந்தபோது பிடித்துக்கொள்ள ஒன்றும் மிச்சமில்லை. அன்று சாயங்காலமே நகராட்சி கூடியது. கை நடுங்காத ஆள் ஒருவருக்கு வீடு கொடுத்திருக்கிறோமே என்று தலைவருக்கு நினைவு வந்தது.

அலுவலர் போனதும் அவள் வெங்காயத்தை நறுக்கினாள். துப்பாக்கி அசையாமல் கிடந்தது.

"சுடத் தெரியுமா?"

"பயிற்சில சுட்டிருக்கேன். அட்டையை."

"பட்டுதா?"

"அட்டை ஒரே இடத்துல நின்னுச்சு. அதனால பட்டுச்சு."

"போய்ச் சொல்லிடலாமா, முடியாதுன்னு? நான்தான் வாயை வச்சேன். நானே போய்ச் சொல்றேன்."

அவர் குழாயைப் பார்த்தார். "ஒரு வேலையும் இல்லாமயே அதைப் போய்த் திறந்து மூடிட்டு வர்ற. நான் பார்த்துட்டுத்தான் இருக்கேன்."

அவளுக்கு மூக்கு எரிந்தது. வெங்காயத்தின்மேல் பழியைப் போட்டாள்.

அவளைப் பயமுறுத்தத் துப்பாக்கி வர வேண்டியதில்லை. தூங்கும்போது அவர் கை எங்கிருந்தோ வந்து அவள் தாடையைப் பிடிக்கும். கட்டைவிரல் ஒரு கன்னத்தில், மற்ற விரல்கள் மறு கன்னத்தில். இறுக்கிப் பிடித்து முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பும். முதல் தடவை, கழுத்தை முறிக்கப்போகிறார் என்று நினைத்து முழங்கையால் ஓங்கி ஒன்று விட்டாள். அவர் மூக்கு உடைந்து புதுச்சுவரெல்லாம் ரத்தம். அவளே சுண்ணாம்பு பூசி மறைத்தாள். "யாரைக் கொல்லப் பார்த்தீங்க?" என்று கேட்டதற்கு, "யாரையும் இல்ல" என்றார். படைவீரர்களுக்காக நகராட்சி மாதாமாதம் நடத்தும் முகாமுக்கு இழுத்துக்கொண்டு போனாள். "கனவு வருதா?" என்று மருத்துவர் கேட்டார். மேஜர் இல்லையென்று தலையாட்டினார். மருத்துவர் மூக்குக்கு மருந்து கொடுத்து அனுப்பினார். அன்றிலிருந்து நடுவில் ஒரு தலையணையைப் போட்டுக்கொண்டுதான் படுக்கிறாள். முடி வெட்டுகிற ஆளுக்குக் கழுத்தை முறிக்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது என்று மட்டும் அவளுக்குக் கணக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் காலை, சந்தைக்குப் பின்சந்து கல்யாண வீடு மாதிரி இருந்தது. துணிக்கடை மாடியில் தலைவருக்கு நாற்காலி. பக்கத்தில் படம் எடுக்கிறவர். கீழே கடைகளின் இரும்புக் கதவுகள் எல்லாம் இறக்கியிருந்தன. மேஜரம்மா மட்டும் கோழிக்கடைக் கதவை முழங்கால் உயரத்துக்கு விட்டுவைத்து, உள்ளே தரையில் குந்தியிருந்தாள். மேஜர் சந்தின் நடுவில் நின்றார். முதுகு வழக்கம்போல நிமிர்ந்திருந்தது.

"மேஜர், உங்க மீசையில மட்டும் பட்டுடாம பாத்துக்குங்க," என்று மாடியிலிருந்து ஒருவன் கத்தினான். சிரிப்பு எழுந்தது.

துப்புரவு ஆட்கள் தகரத்தை அடித்துக்கொண்டு குப்பைமேட்டிலிருந்து விரட்டினார்கள். சந்து முனையில் அது வந்து நின்றது. ஒரே ஒரு பன்றிதான். ஆனால் அந்த ஒன்று போதும் போலிருந்தது. தோளில் காய்ந்த சேறு பலகை மாதிரி வெடித்துத் தொங்கியது. கொம்பு மாதிரி வளைந்த பற்கள். ஓடி வரவில்லை. நடந்து வந்தது.

முதல் தோட்டா எதிர்க்கடைக் கதவில் ஓட்டை போட்டது. அந்தச் சத்தத்தில் அது ஓட ஆரம்பித்தது. இரண்டாவது அதன் வயிற்றில் பாய்ந்தது. செத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். வயிற்றில் பட்டது சாகாது, சீறும். அது அலறிய அலறலில் தகரச் சத்தம் நின்றுபோனது. அவர் குழலை மடக்கித் திறந்து, அடுத்த தோட்டாவைத் தேடிக்கொண்டிருக்கும்போதே வந்து மோதியது. பல் தொடையில் ஏறி மேல்நோக்கி இழுத்தது. துணி கிழிகிற சத்தம் கேட்டது, ஆனால் கிழிந்தது துணி மட்டுமில்லை. அவரைத் தூக்கிச் சுவரில் அடித்தது. பின்வாங்கியது. மறுபடி வந்தது. துப்பாக்கி உருண்டு சாக்கடைக்குள் போய்விட்டது. மாடியில் இருந்தவர்கள் யோசனை சொன்னார்கள். யாரும் இறங்கவில்லை.

மேஜரம்மா கதவுக்கு அடியில் ஊர்ந்து வெளியே வந்தாள். ஒரு கையில் வெட்டுக்கத்தி, மறு கையில் கோழி கொண்டுவருகிற சாக்கு. சத்தம் போடவில்லை. தொழிலில் சத்தம் போடுகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. முதல் வெட்டு அந்தச் சேற்றுப் பலகையில் வழுக்கி, தோள் எலும்பில் மாட்டிக்கொண்டது. கத்தியை உருவுவதற்குள் அது திரும்பி அவளை இடித்தது. இரும்புக் கதவில் போய் விழுந்தாள். விலாவில் ஏதோ ஒடிந்தது அவளுக்கே கேட்டது. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அது தலையைத் தாழ்த்தியது. அவள் சாக்கை விரித்து அந்தத் தலையில் மாட்டினாள்.

இருட்டானால் எந்த உயிரும் ஒரு கணம் தயங்கும். அந்த ஒரு கணத்தை வைத்துத்தான் அவள் இத்தனை காலம் கோழி வெட்டிப் பிழைத்தாள். சாக்கோடு சேர்த்துக் கட்டிப்பிடித்து, தாடைக்குக் கீழே கத்தியைக் கொடுத்து, முழங்கை நனையும் வரை உள்ளே தள்ளி, தன்பக்கம் இழுத்தாள். சூடாக வந்தது. முகத்தில், வாயில், கண்ணில் எல்லாம் அடித்தது. அது கால்களால் தரையைப் பிறாண்டியது. விட்டால் எழுந்துவிடும் என்று அதன்மேலேயே படுத்துக்கொண்டாள். கீழே அந்த நெஞ்சு தடதடவென்று அடித்து, தவறித் தவறி அடித்து, நின்றது. அவளுடையது நிற்காததை ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பிறகு எழுந்து, தன் மேலங்கியைக் கிழித்துக் கணவரின் தொடையை இறுக்கிக் கட்டினாள். வெள்ளை எலும்பு தெரிந்தது. அவர் முனகவில்லை. பன்றியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நலப்பிரிவு அலுவலர் படியிறங்கி, ரத்தத்தில் மிதிக்காமல் தாண்டித் தாண்டி வந்தார்.

"ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு. அதுக்குள்ள தலைவர் ஒண்ணு சொல்றாரு. மேஜர் சார் பன்னி மேல கால வச்சு, கையில துப்பாக்கியோட ஒரு படம்..."

"எந்தக் கால தம்பி?" என்றாள்.

நேற்றுவரை அவர் அவளுக்கு சார். அலுவலர் தொடையைப் பார்த்தார். முகம் வெளுத்தது.

"சரி, உக்காந்தே எடுத்துக்கலாம். நடந்தது நம்மளோட இருக்கட்டும். படைவீரருக்கு நகராட்சி செஞ்சதும், ஊருக்கு அவர் செஞ்சதும் நாலு பேருக்குத் தெரியணும் இல்லையா? இல்லன்னா தலைவருக்குச் சங்கடம். வீட்டு விஷயத்தைத் திரும்பப் பேச வேண்டியிருக்கும். அதோட ஆஸ்பத்திரி பின்னாடி இன்னொரு பன்னிக் கூட்டம் வேற இருக்கு. அடுத்த வாரம்..."

மேஜரம்மா வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். எதிரே நிற்பவனுக்கு அவசரம், தனக்கு அவசரமில்லை. பேரத்துக்கு இதைவிட நல்ல நேரம் வராது.

"அடுத்த வாரம் நான் வரேன். துப்பாக்கி வேணாம், நல்ல சாக்கா நாலு வேணும். அதுக்கு முன்னாடி, அந்த வீட்டை விட்டு எங்களை எறக்க மாட்டேன்னு உங்க தலைவர் கீழ வந்து சொல்லணும். இவ்வளவு பேர் நிக்கறாங்களே, இவங்க முன்னாடி. இவரு முடி வெட்டினவருன்னு தெரிஞ்சே சொல்லணும்."

"முடி வெட்டினவரா?"

"போய்ச் சொல்லுங்க தம்பி. படம் அப்புறம்."

அலுவலர் மேலே போனார். கத்தியைத் துடைக்காமல் அவள் நின்றாள். விலா ஒவ்வொரு மூச்சுக்கும் குத்தியது. அப்போது பின்னால் இழுபடுகிற சத்தம் கேட்டது. அவர் கைகளை ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு பன்றியிடம் போயிருந்தார். சாக்கை அதன் தலையிலிருந்து எடுத்தார்.

"கொஞ்சம் தண்ணி கொண்டா."

"எதுக்கு? அசையாதீங்க, ரத்தம் போகுது."

"கொண்டாம்மா."

கோழிக்கடைச் சொம்பில் எடுத்து வந்தாள். அவர் சட்டை நுனியைக் கிழித்து நனைத்தார். பன்றியின் கண்ணோரத்திலிருந்த சேற்றைத் துடைத்தார். மூக்கைத் துடைத்தார். பிறகு தாடையைப் பிடித்தார். கட்டைவிரல் ஒரு பக்கம், மற்ற விரல்கள் மறு பக்கம். இறுக்கிப் பிடித்து, முகத்தை மெதுவாக ஒரு பக்கமாகத் திருப்பி, காதுக்குக் கீழே வழித்துத் துடைத்தார்.

மேஜரம்மாவின் கை தானாகத் தன் தாடைக்குப் போனது.

"செத்து வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு மூஞ்சியே இருக்காது," என்றார், பன்றியிடம் சொல்வதுபோல. "இருக்கறதச் சவரம் பண்ணி அனுப்பணும். பெட்டியைத் தெறந்தா பெத்தவ பாப்பாளே."

அவர் கை நடுங்கவே இல்லை. துணியை மறுபடி நீட்டினார். அவள் குத்துகிற விலாவைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டு, சொம்பைச் சாய்த்தாள். தண்ணீர் அவர் விரல்கள்மேல் விழுந்து, சிவந்து, துப்பாக்கி கிடந்த சாக்கடைக்குள் ஓடியது. துணிக்கடைப் படியில் தலைவருடைய கனத்த செருப்பு இறங்கி வந்து, பாதியில் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இன்னொரு பக்கம் பாக்கியிருந்தது. அவர் அந்த முகத்தைத் திருப்புவதற்காகச் சொம்பைப் பிடித்தபடி காத்திருந்தாள்.