சங்கிலிக்கு இந்தப் பக்கம்

எட்டேகால் படகுக்குச் சங்கிலி மாட்டுகிறவர் என் கணவர். மணி ஆனதும் படகு வாசலில் சங்கிலியை மாட்டி, விசிலை மூன்று முறை ஊதுவார். விசில் கேட்காமல் மேலே சுக்கான் பிடிப்பவர் படகை நகர்த்த மாட்டார். ஏறிக்கொண்டிருந்த ஆள் ஒருவர் ஆற்றில் விழுந்த பிறகு வந்த கண்டிப்பு அது. மாட்டிய சங்கிலியைப் பெற்ற தாய்க்கும் அவிழ்க்க மாட்டேன் என்று சொல்லித் திரிவதில் இவருக்கு அப்படி ஒரு பெருமை. போன வருடம் என் முகத்துக்கு நேராகவே மாட்டினார். அக்கரையில் நான் வேலை பார்க்கும் கார்மெண்ட்ஸ் கம்பெனியில் அன்று சூப்பர்வைசர் தேர்வு. ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். "ரூல்னா ரூல்தான்" என்று இரவு சாப்பிட்டுக்கொண்டே சொன்னார். அன்றே அந்தத் தட்டைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும்.

இன்று மறுபடியும் அந்தத் தேர்வு. நேரத்தோடு கிளம்பிப் பாதித் தெரு வந்தபின்தான் உறைத்தது. காலையில் துவைத்துக் காயப்போட்ட அவர் சட்டையின் பையில் ஏதோ கனத்ததே! விசில். இவர் வேறு சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். இன்றைக்கு இதுதான் இவருடைய முதல் நடை. எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று நான் போயிருக்கலாம். பாழாய்ப்போன மனது கேட்கவில்லை. திரும்பி ஓடி, கொடியில் கிடந்த ஈரச் சட்டைக்குள் கைவிட்டு எடுத்துக்கொண்டு, செருப்பு அறுந்துபோகும்படி ஓடிவந்தேன்.

எனக்குப் பத்தடி முன்னால் படகுக் கம்பெனி மேனேஜர் போய்க்கொண்டிருந்தார். ஓடவில்லை, போனில் பேசியபடி நிதானமாக நடந்தார். மாட்டிய சங்கிலியை அவருக்காக என் கணவர் அவிழ்த்தார். மேனேஜரின் பையைக்கூட வாங்கிக்கொண்டார். அவர் ஏறியதும் மறுபடி மாட்டினார். நான் சங்கிலிக்கு இந்தப் பக்கம் மூச்சிரைக்க நின்றேன்.

"டைம் ஆயிடுச்சு. அடுத்த படகுல வா."

"இப்ப அவுத்தீங்களே?"

"அவரு மேனேஜர். பொண்டாட்டிக்கு அவுத்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. மானத்த வாங்காத, போ."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த படகு ஒன்பது மணிக்குத்தான்.

அவர் என்னைப் பார்க்காமல் சட்டைப் பையில் கைவிட்டார். பிறகு கால்சட்டைப் பையில். பிறகு மறுபடியும் சட்டைப் பையில்.

மேலிருந்து சுக்கான்காரர் தலையை நீட்டினார். "என்னய்யா, விசில முழுங்கிட்டியா? மணி ஆவுது!"

உள்ளே யாரோ சிரித்தார்கள். மேனேஜர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பினார். நான் கையை விரித்துக் காட்டினேன். ஈரம் காயாத விசில் உள்ளங்கையில் கிடந்தது. என் கணவரின் முகம் செத்துப்போனது. சங்கிலிக்கு மேலாகக் கையை நீட்டினார்.

"குடு" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

"மொதல்ல அவுருங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி.

விரல்களை மூடிக்கொண்டேன். படகு நின்ற இடத்திலேயே எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அவர் கை சங்கிலிக் கொக்கிக்குப் போனது. கண் மட்டும் மேனேஜர் மேலேயே இருந்தது.