மத்தேயு நிறுத்திய இடம்

ராயபுரம் கூட்ஸ் யார்டுக்கு வரும் ஒவ்வொரு பெட்டியின் நம்பரையும் எழுதி எடுப்பது அருள்பிரகாசத்தின் வேலை. மனைவி இறந்துபோய் வெகுகாலம் ஆகிவிட்டது. ஒரே மகள் எல்சி கலியாணமாகி ரங்கூனுக்குப் போனாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது, ரோஸ்மேரி என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று எழுதியிருந்தாள். நாற்பத்தொன்று டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்தது. அதன்பிறகு கடிதம் வரவில்லை. அவர் ஒற்றை ஆளுக்கு உலை வைத்து, சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து, பதினொரு வருஷத்தைக் கழித்துவிட்டார்.

ஐம்பத்திரண்டு டிசம்பர் கடைசியில் மாசில்லாக் குழந்தைகள் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. குழந்தை இயேசுவைக் கொல்லத் தேடி ஏரோது ராஜா ஊர்க் குழந்தைகளையெல்லாம் வெட்டிய கதையைக் கோயில் பூசையில் சுவாமியார் தமிழில் வாசித்தார். ராக்கேல் தன் பிள்ளைகளை நினைத்து அழுதாள், அவர்கள் இல்லாமல் போனதால் யார் தேற்றியும் தேறவில்லை, எரேமியா தீர்க்கதரிசி முன்பே சொன்னது அப்படி நிறைவேறியது என்று மத்தேயு சுவிசேஷத்தில் எழுதியிருந்தார். வருஷா வருஷம் கேட்டதுதான். அன்றைக்கு ஏனோ அந்தப் பெயர் அவரை விடவில்லை. யார் இந்த ராக்கேல்?

அவர் வீட்டில் ஜெபப்புத்தகம் மட்டுமே உண்டு. மறுநாள் மத்தியானம் யார்டு விளக்கறைக்குப் போனார். அங்கே சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றும் ஜேக்கப் தொண்டையார்பேட்டை புராட்டஸ்டன்ட் சபையைச் சேர்ந்தவன். அலமாரியில் வேதாகமம் வைத்திருப்பான்.

அவர் கேட்டதும் ஜேக்கப் கையைத் துடைத்துவிட்டு எரேமியாவில் பக்கத்தைத் தேடினான்.

"ராகேல் அப்பவே செத்துப் பல நூறு வருசம் ஆயிடுச்சி அண்ணே. யாக்கோபு பொஞ்சாதி. என் பேர்க்காரன் பொஞ்சாதின்னு வெச்சிக்கயேன்."

"செத்தவ எப்டி அழுவா?"

"எரேமியா அப்டி சொல்றாரு. இது கொழந்தைங்கள வெட்டுனதப் பத்தியே இல்ல. பாபிலோன்காரன் ஜனங்கள சிறை புடிச்சி, ராமான்ற ஊர்ல ஒண்ணா சேத்து ஓட்டிகினு போறான். அதப் பாத்துதான் அவ அழுவுறா."

"அப்போ புள்ளைங்க சாவல?"

"இல்லண்ணே. இட்டுகினு போய்ட்டானுங்க."

"அதுக்கு அப்பறம் இன்னா கீது?"

ஜேக்கப் அடுத்த வரியில் விரலை வைத்து ஒருமுறை மனசுக்குள் படித்தான். "அழாத, உன் புள்ளைங்க எதிரி தேசத்துலேர்ந்து திரும்பி வருவாங்கன்னு கடவுள் சொல்றாரு."

அருள்பிரகாசம் குனிந்து அந்த வரியைத் தானும் படித்தார். பிறகு, "இத ஏன் மத்தேயு எழுதாம வுட்டாரு?" என்றார்.

"அவரு எழுதுனது யூதருக்குத்தான? பாதி சொன்னா மீதி அவங்க காதுல தானா ஓடும்னு வுட்டிருப்பாரு. மத்தேயுல இதுக்கு முன்னாடி எகிப்துலேர்ந்து என் மகனக் கூப்ட்டேன்னு ஒண்ணு கீது. அதுவும் ஓசியா தீர்க்கதரிசி அந்த ஜனங்களப் பத்திச் சொன்னதுதான். இவரு எடுத்து இயேசுவுக்கு வெக்கிறாரு. பழைய பொடவையில புதுக் கொழந்தைக்குச் சட்டை தெக்கிறாப்ல."

ஜேக்கப் பேசிக்கொண்டே போனான். அவருக்குத் திரும்பி வருவாங்க என்ற ஒன்றுதான் காதில் நின்றது. மார்ச்சில் ரிட்டயர்மென்ட். அப்புறம் ரங்கூனுக்குக் கப்பல் ஏறி, தெருத்தெருவாக விசாரிப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தார். அந்த வாரம் இரண்டு நாள் மீன் வாங்கிக் குழம்பு வைத்தார்.

இதைச் சொல்ல, ஜேக்கப்பை விட்டால் அவருக்கு ஒரே ஆள்தான் இருந்தாள். சிலுவையம்மாள் புருஷனோடு ரங்கூனில் எல்சி வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்தவள். புருஷனைக் குண்டுக்குக் கொடுத்துவிட்டு, காடும் மலையும் நடந்து நாற்பத்திரண்டில் தனியாக வந்து சேர்ந்தாள். அன்றைக்குக் கோயில் வாசலில் அவளை மறித்து, "எல்சி எங்க?" என்று கேட்டார். "பின்னால வருது," என்றாள். அதன்பிறகு அவள் அவரைக் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவாள். புருஷன் போன துக்கம் என்று அவர் நினைத்திருந்தார்.

காசிமேட்டு மணலில் அவள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். அவர் நின்றபடியே ராக்கேல் கதையைச் சொன்னார். அடுத்த வரியையும் சொன்னார். மார்ச்சில் கிளம்பப் போவதையும் சொன்னார்.

அவள் நிமிரவில்லை. "போவாத அண்ணே."

"ஏன்?"

"அங்க யாரும் இல்ல."

அவர் அவள் எதிரில் மணலில் உட்கார்ந்தார்.

"எல்சி புருசன் வேலைய வுட்டு வரலன்னான், அப்பறம் இன்னா ஆனான்னு தெரியல. எல்சி கொழந்தையத் தூக்கிகினு என்னோடதான் நடந்துச்சி. மணிப்பூர் மலை ஏறசொல்ல வாந்திபேதி. மொதல்ல கொழந்தை. மறுநாளு எல்சி. குழி தோண்டக்கூட கையில ஒண்ணும் இல்ல. என் பொடவையக் கிழிச்சி ரெண்டு பேர் மூஞ்சியும் மூடிட்டு வந்தேன்."

"பின்னால வருதுன்னியே."

"நீ கேட்ட மூஞ்சியப் பாத்து வாயில வந்துடுச்சி. அத மறுநாளு மாத்திச் சொல்லியிருக்கணும். முடியல. அப்பறம் எந்த நாளும் முடியல."

அவர் கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் கையருகே கிடந்த கருவாடு ஒன்றைப் புரட்டிப் போட்டார். பிறகு எழுந்து போனார்.

இரண்டு நாள் வேலைக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் ஜேக்கப், "கப்பலுக்கு எழுதிப்போட்டியாண்ணே?" என்று கேட்டான். அருள்பிரகாசம் நடந்ததைச் சொன்னார். ஜேக்கப் வேதாகமத்தை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினான்.

"மத்தேயு தெரிஞ்சிதான் நிறுத்தியிருக்கான்," என்றார் அருள்பிரகாசம். "வெட்டுப்பட்ட கொழந்தையோட தாயாண்ட போயி, திரும்பி வரும்னு எப்டி எழுதுவான்?"

பொங்கல் கழிந்து இரண்டு பேருக்கும் பூசை வைத்தார். இறந்த தேதி கேட்ட சுவாமியாரிடம், சித்திரை மாசம் என்று மட்டும் சொல்ல முடிந்தது. ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் சிலுவையம்மாள், வேறு யாரும் இல்லை. பூசை முடிந்து வெளியே வந்தபோது அவள் எதிர்ச்சாரிக்குப் போகவில்லை.

"ரோஸ்மேரி எப்டி இருக்கும்?" என்று கேட்டார்.

"ரெண்டரை வயசு. சுருட்ட முடி. வழியெல்லாம் பர்மா பாஷையில இன்னாவோ பாடிகினே வரும். எனக்கு ஒரு வார்த்தை புரியாது. எல்சி மட்டும் சிரிக்கும்."

ரயில்வே கேட்டு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தாள். கேட்டு மூடியிருந்தது. எண்ணூர்ப் பக்கம் போகும் வண்டி கடந்து போனதும், அவள் கடற்கரைக்கும் அவர் யார்டுக்கும் திரும்பினார்கள்.