முத்துலிங்கம் பேரில் இருந்தவன்

சணல் கயிற்றின் ஒரு நுனியைத் தலைமாட்டில் பிடிக்கச் சொன்னார் பொன்னையா. அவர் பெண்சாதி சண்முகவடிவு பிடிக்கவில்லை. சுவரோரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏ வடிவு, ஒன்னத்தான். பொட்டிக்கு அளவு எடுக்க வேணாமா?"

"பொட்டி வேணாம்."

"பொட்டி வேணாம்னா? கொழுந்துக் கூடையிலயா வச்சுத் தூக்குறது?"

"பாயில சுத்திக் கொண்டு போங்க."

பொன்னையா குனிந்தார். கயிற்றின் நுனியைச் செத்தவனின் குதிகாலடியில் வைத்து, அதன்மேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்து, தலை வரைக்கும் தானே இழுத்தார். உச்சிக்கு நேரே ஒரு முடிச்சுப் போட்டார்.

விடிகாலையில் போன உயிர். நாலு நாள் நெஞ்சுச் சளியும் காய்ச்சலும். தேயிலைத் தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகமான செக்ரோலில் அவன் பேர் பொன்னையா மகன் முத்துலிங்கம். நிஜத்தில் அவன் பொன்னையாவுக்கு மகனும் இல்லை, முத்துலிங்கமும் இல்லை. பதின்மூன்று வருசத்துக்கு முன்னால் ஹட்டன் டேசனில் கையேந்திக்கொண்டு நின்றவன்.

பெற்ற மகன் முத்துலிங்கம் நாற்பத்தொன்பதாம் வருசத்தில், கொழும்புக்குப் போய்ப் பிழைத்துக்கொள்கிறேன் என்று ரயில் ஏறினான். அதோடு சரி. ஆளும் இல்லை, கடுதாசியும் இல்லை. அவன் போன பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாம் வடிவு சாமான் வாங்கப் போகிற சாக்கில் டேசனுக்குப் போய் இறங்குகிற ஆட்களைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அங்கேதான் இவன் கையை நீட்டினான். அவள் காசு கொடுக்கவில்லை. "கைய மடக்கு. இந்த மூட்டையத் தூக்கு," என்றாள். தோட்டத்து லயத்து வீடுவரை தூக்கி வந்தவனுக்குத் தட்டு வைத்துச் சோறு போட்டாள். உட்கார்ந்து தட்டில் தின்று பழக்கம் விட்டுப்போனவன். வாசலில் நின்றபடியே இரண்டு கையையும் குவித்து நீட்டினான்.

"கையில போட மாட்டேன். உக்காந்து தின்னு," என்றாள் வடிவு.

அப்போது தோட்டத்தில் வெளியாளைச் சேர்ப்பதில்லை. பிரஜா உரிமைச் சட்டம் வந்து, யார் எந்த ஊர் என்று துரைமாரே பயந்துகொண்டிருந்த நேரம். கங்காணிதான் வழி சொன்னான். "ஒன் மகன் பேரு இன்னும் செக்ரோல்லதான் கெடக்கு. அதுல இவன நிறுத்து."

பொன்னையா குதித்தார். "நாளைக்கு நம்ம பய வந்து நின்னா எங்க போவான்? டேசன் நாய்க்குப் புள்ள பேரக் குடுக்கச் சொல்றியா?"

"வர்றப்ப பாத்துக்கலாம். இப்ப நிக்கிறவனுக்கு ஒரு வழி பண்ணுங்க," என்றாள் வடிவு.

அப்படித்தான் அவன் முத்துலிங்கமானான். தினமும் விடிய, வேலைக்கு ஆள் கூடுகிற பெரட்டுக் களத்தில் கங்காணி, "முத்துலிங்கம்" என்று கூப்பிடுவான். வேறொரு தொண்டை "ஐயா" என்று சொல்லும். பொன்னையா வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். அவர் அவனை ஒரு நாளும் அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய்" என்பார். கோபம் வந்தால் "டேசன்காரா" என்பார். அவன் சொந்தப் பேர் என்னவென்று கேட்டதும் இல்லை.

முதல் வருசம் கோழிகளை எண்ணித்தான் அடைப்பார். அவனைக் கான் வெட்டப் போட்டிருந்தார்கள். மலைச்சரிவில் மழைத்தண்ணி மண்ணை அரிக்காமல் ஓட வாய்க்கால் வெட்டுகிற வேலை. பொன்னையாவும் அந்த வேலை செய்தே கூன் விழுந்தவர். சாயங்காலம் ஆள் போனதும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு போய், அவன் வெட்டிய கானில் விட்டு ஆழம் பார்ப்பார். ஒரு நாளாவது விரற்கடை குறைந்தால் பிடித்துக்கொள்ளலாம் என்று பார்த்தார். குறையவில்லை. அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

நாலைந்து வருசம் அவன் ஹட்டனுக்குப் போனால் டேசன் பக்கம் தலைகாட்ட மாட்டான், பின்தெருவால் சுற்றிப் போவான். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வடிவின் அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு டேசன் வாசலாலேயே நடந்து வந்தான். பழைய கூட்டாளி ஒருத்தன் கை நீட்டினானாம். "வா, மம்பட்டி தாரேன்," என்றானாம் இவன். வடிவு வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பொன்னையாவுக்கும் சிரிப்பு வந்தது. வெளியே போய்ச் சிரித்தார்.

"கெளம்பிட்டீங்களா?" என்றாள் வடிவு, இப்போதும் சுவரோரம் இருந்தபடியே.

பொன்னையா துண்டை உதறித் தோளில் போட்டார். "ஆபீசுக்குப் போயிச் சொன்னாத்தான் பலக குடுப்பாங்க. குழி வெட்டுறவங்களுக்கும் இன்னிக்கிச் சம்பளம் போடுவாங்க."

"சொன்னா பேர வெட்டிப்புடுவாங்க."

"வெட்டத்தான் செய்வாங்க. செத்தவன வச்சுத் தேயிலக் கவ்வாத்தா வெட்டுவாங்க?"

"வெட்டுறது யாரு பேர?" என்றாள் வடிவு. "எம்புள்ள பேருங்க. நாளைக்கு அவன் வந்து நின்னா இந்தத் தோட்டத்துல அவன் யாரு? குடியிருக்கக் காம்பரா இல்ல, வேல இல்ல. பெரஜா உரிமைக்கு எழுதிப் போடவும் அந்தப் பேரு ஒண்ணுதான அத்தாட்சி? அதும் போச்சுன்னா எம்புள்ளயும் டேசன்லதான் கையேந்தி நிக்கணும்."

பதின்மூன்று வருசத்துக்கு முன் அவர் சொன்னதுதான். அன்றைக்கு அவள் சொன்ன பதில் அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

"பாயில கொண்டு போனா பிச்சக்காரன் செத்த மாதிரி ஆகிப்போகும், வடிவு," என்றார். "இவன் அப்புடிச் சாகல."

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆபீசில் கிளாக்கர் மரியரட்ணம் தனியாக இருந்தார். தோட்டத்துக்கு வந்து இரண்டு வருசமான மனிதர்.

"என்ன பொன்னையா, காலையிலயே?"

"சாவு சொல்ல வந்தேனுங்க. பலகைக்குச் சீட்டு வேணும்."

"யாரு?"

பொன்னையா துண்டைக் கக்கத்தில் இடுக்கினார். "எம் மகன். முத்துலிங்கம்."

"வயசு?"

செத்தவனுக்கு ஐம்பது இருக்கும். தலை முக்கால்வாசி வெளுத்தவன். மகனுக்கு இந்த மாசியோடு முப்பத்தஞ்சு.

"முப்பத்தஞ்சுங்க."

மரியரட்ணம் பேனையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். கான் வெட்டுகிறவனின் வெள்ளைத் தலையை அவரும் மலையில் பார்த்திருப்பார். கதவைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இதுல ஒரு தரம் எழுதிட்டா பெறகு மாத்த ஏலாது. நாளைக்கு யாரும் வந்து நாந்தான் முத்துலிங்கம்னு நின்னாலும் ஆபீசு ஒத்துக்காது. வெளங்குதா?"

"வெளங்குதுங்க."

"வீட்டுல கேட்டுட்டுத்தான் வந்தியா?"

"கேக்கலீங்க. எழுதுங்கய்யா."

கிளாக்கர் பெரிய புத்தகத்தைத் திருப்பி, அடிமட்டத்தை வைத்து, சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்தார். பொன்னையாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கோடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கட்டை விரலை மையில் ஒற்றி, காட்டிய இடத்தில் அழுத்தினார்.

மத்தியானத்துக்கு மேல் பெட்டி வந்தது. தப்பு முழங்கியது. லயத்துப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து செத்தவன் வாயில் அரிசி போட்டார்கள். "நீயும் போடு அக்கா, ஒன் கையால தின்னவனாச்சே," என்று ஒருத்தி சுளகை வடிவின் முன்னால் நீட்டினாள். வடிவு அதைத் தொடவில்லை. அவள் கண்ணில் சொட்டுத் தண்ணியும் இல்லை. "கல்லாட்டம் இருக்கா பாரு," என்று யாரோ சொன்னது பொன்னையாவின் காதில் விழுந்தது. அவர் பெட்டி ஏற்றிய பாடையின் முன்காலைத் தூக்கினார். வேண்டாம் என்று இளவட்டங்கள் தடுத்தும் விடவில்லை.

இடுகாடு தேயிலை மலை முடிகிற இடத்தில், ஆற்றுக்கு மேலே. போய்ச் சேர்வதற்குள் தூறல் பிடித்துவிட்டது. குழிக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கினார்கள். மூடி போட்டு ஆணி அடிக்க ஒருவன் சுத்தியலை எடுத்தான்.

"பெருசு, அங்க பாருங்க," என்றான்.

தேயிலைக்கு நடுவே சறுக்குப் பாதையில் சண்முகவடிவு இறங்கி வந்துகொண்டிருந்தாள். பெண்கள் லயத்து முக்கோடு திரும்பிவிட வேண்டும், அதற்கு மேல் வருகிற வழக்கம் இல்லை.

"பொம்பள இங்கின வரக் கூடாதுப்பா," என்று கங்காணி முணுமுணுத்தான்.

"வந்துட்டா. இப்ப என்னாங்கிற?" என்றார் பொன்னையா. சுத்தியல்காரனிடம், "கொஞ்சம் தள்ளி நில்லு," என்றார்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. புருசனையும் பார்க்கவில்லை. ஈர மண்ணில் பெட்டியோரமாக உட்கார்ந்து, சீலை முந்தியில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தாள். ஒரு பிடி பச்சரிசி. ஒரேயடியாகப் போடவில்லை. கொஞ்சங் கொஞ்சமாக விரலால் எடுத்து, உதட்டில் ஒட்டியதை உள்ளே தள்ளித் தள்ளி வைத்தாள்.

மழை வலுத்தது. பொன்னையா போர்த்தியிருந்த கம்பளியைக் கழற்றி, அவள் மேலும் பெட்டி மேலுமாக விரித்துப் பிடித்தார். தண்ணீர் அவர் கழுத்து வழியே முதுகில் இறங்கியது. முந்தியில் இன்னும் பாதி அரிசி இருந்தது. அவள் அவசரப்படவில்லை.