காந்தம் வைத்துப் பார்த்த முட்டி

சபாபதிக்கு முட்டி மாற்றிய செய்தி போர்ட் கிள்ளான் லோரிக்காரர்கள் அத்தனை பேருக்கும் எட்டிவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியதும் ஆட்கள் வந்த வண்ணம் இருந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் அவர் கட்டை விலக்கித் தையலைக் காட்டினார். தொட்டுப் பார்க்கவும் விட்டார்.

“உள்ள இரும்பாடா, சபா?” என்றார் அவரோடு லோரி ஓட்டும் தம்புசாமி.

“இரும்பு இல்லலா, ஒசத்தி மெட்டல்.”

“ஒட்டுதான்னு பாத்துருவோம்.”

தம்புசாமி குளிர்பெட்டிக் கதவிலிருந்த இறால் வடிவக் காந்தத்தைப் பிடுங்கி வந்து தையல் மேலேயே வைத்தார். ஒட்டவில்லை. வீடே சிரித்தது. சபாபதியின் மனைவி சந்திரகலாவும் தேநீர்த் தட்டோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அந்த வாரமே தையலைச் சுற்றித் தோல் சிவந்து, ஓரத்தில் சீழ் கசிந்தது. சந்திரகலாவுக்குச் சிரிப்பு வற்றிப்போனது.

“யாராச்சும் தொட்டாங்களா, அங்கிள்?” என்று மருத்துவமனையில் கேட்டார் டாக்டர் அனுப்பிரியா.

சபாபதி மின்விசிறியைப் பார்த்தார்.

“யாரு தொடலன்னு கேளுங்க, டாக்டர்! காந்தம்கூட வெச்சாச்சு,” என்றாள் சந்திரகலா.

டாக்டர் வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டார். “எல்லார் தோல்லயும் கிருமி இருக்கு, ஆன்டி. சும்மாதான் கெடக்கும். காயம் கெடைச்சா உள்ள எறங்கும். தோலோட நின்னா மருந்துல சரியாயிரும். மெட்டல் வரைக்கும் போயிட்டா, அதுமேல பாசி மாதிரி படிஞ்சிரும். மருந்து சரியா ஏறாது. மறுபடி தொறக்கணும், மெட்டலையே கழட்ட வேண்டி வந்தாலும் வரும்.”

முட்டிக்குள்ளிருந்து ஊசியால் நீர் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். மருந்தும் தொடங்கினார்கள். முடிவு வரும்வரை சந்திரகலா வாசல் கேட்டைப் பூட்டியே வைத்திருந்தாள். தம்புசாமி தினமும் வேலை முடிந்து வந்து, கேட்டுக்கு வெளியே லோரி பழுதானவர் போல நின்றுவிட்டுப் போவார்.

அன்றும் அவர் அப்படி நிற்கும்போதுதான் தொலைபேசி அடித்தது.

“உள்ள கிருமி எதுவும் இல்ல, ஆன்டி. தோலோட நின்னிருச்சு. மருந்த மட்டும் நிறுத்திராதீங்க.”

சந்திரகலா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவள் ஓடிப்போய் கேட்டைத் திறந்தாள். “மெட்டல் தப்பிச்சிருச்சு, அண்ணே!”

தம்புசாமி இரு கைகளையும் விரித்துக்கொண்டு நண்பனிடம் பாய்ந்தார். சந்திரகலா குறுக்கே நின்றாள்.

“கை?”

அவர் குழாயடிக்கு ஓடினார். முழங்கை வரை சோப்பு போட்டுத் தேய்த்தார்.

“போதும் வாடா, தோல் உரிஞ்சிரப் போவுது!” என்று உள்ளிருந்து கத்தினார் சபாபதி.