படகோட்டிக்கு அடுத்த பெயர்

முப்பத்தேழு வயதில் கியோமுகிஷா ஐந்தாவது முறையாக இளம் ஆய்வாளர் ஆனாள். என்டெபேயில் ஏரிக்கரை ஓட்டலில் பயிற்சி முகாம். கழுத்தில் தொங்கிய அட்டையில் 'வளரும் எச்.ஐ.வி. ஆய்வாளர்' என்று போட்டிருந்தது. வருஷா வருஷம் வளர்ந்தபடியே இருந்தாள்.

சொந்தப் பெயரில் ஒரு கட்டுரையாவது வந்தால்தான் சொந்தமாக ஆய்வு நடத்த விடுவார்கள். இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் இதே ஓட்டல், இதே அட்டை.

ஏரி ஈக்கள் புகைபோல எழுந்து வந்து இறங்கும் பருவம் அது. சூப்பில் விழுந்தன, மைக்கில் ஏறின. பயிற்சி தர வந்திருந்த வெளிநாட்டுப் பேராசிரியர் வின்டன் அவற்றைப் படம் எடுத்துக்கொண்டார். பிறகு பாடத்தைத் தொடங்கினார்: ஆய்வுக்கான கேள்வியைக் கண்டுபிடிப்பது எப்படி. திரையில் ஒரு மாத்திரை டப்பா தெரிந்தது. கியோமுகிஷா சூப்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். ஈ காரணமல்ல.

"ஒருநாள் தீவுக்குப் படகுல போயிட்டிருந்தேன்," என்று ஆரம்பித்தார். "பக்கத்துல ஒரு அம்மா. பைக்குள்ள கிலுகிலுன்னு சத்தம். எச்.ஐ.வி. மாத்திரை! சத்தம் கேட்டா ஊருக்கே தெரிஞ்சிடும்னு, டப்பாவத் தூக்கிப் போட்டுட்டு மாத்திரையத் துணியில முடிஞ்சுக்கறாங்க. ஏரிக் காத்து ஈரத்துல மாத்திரை கெட்டுப்போகுது. கேள்வி இப்படித்தாங்க பொறக்கும்!"

அந்தப் படகில் போனவள் கியோமுகிஷா. பேராசிரியர் படகேறியதே இல்லை. கரையிலிருந்து பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும். தீவு தீவாக அலைந்து முந்நூறு பெண்களிடம் பேசி அவள் எழுதிய முதல் நோட்டை, திருத்தித் தருவதாகச் சொல்லி வாங்கிப் போனார். அது கட்டுரையாக அச்சேறியது. எழுதியவர்கள் ஒன்பது பேர். ஒன்பதில் அவள் இல்லை. கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் நன்றி: படகோட்டி செம்பட்யா, அவருக்கு அடுத்து கியோமுகிஷா.

"பேராசிரியருக்கு ஒரு கிலோ போடுங்கப்பா!" என்று நிகழ்ச்சியை நடத்திய முகுமே கத்தினான். இந்த ஊரில் பாராட்டைக் கிலோவில்தான் போடுவார்கள். எல்லோரும் ஒரே தாளத்தில் கை தட்டினார்கள். கியோமுகிஷாவும் தட்டினாள். ஐந்து வருஷப் பயிற்சியில் கை தானாகத் தட்டியது. பேராசிரியரைவிட அந்தக் கையைப் பார்த்துத்தான் அவளுக்கு அதிகம் கோபம் வந்தது.

தேநீர் வேளையில் முகுமே பக்கத்தில் வந்தான். "என்ன அம்மணி, உங்க கதைக்கு நீங்களே கை தட்டுறீங்க?"

"நல்லாச் சொன்னாரேப்பா."

"படகு ஆடுற மாதிரி உடம்ப ஆட்டினாரு பாருங்க, எனக்கே தல சுத்திடுச்சு."

"படகுல நான் வாந்தி எடுத்தத மட்டும் விட்டுட்டாரு."

அதற்குள் பேராசிரியரே வந்து அவள் தோளில் கை வைத்தார். "ரெண்டாவது நோட்டு ஒண்ணு வெச்சிருக்கியாமே? டப்பாவுக்குள்ள பஞ்ச அடைச்சுக் குடுத்ததும் சத்தம் நின்னுபோய், எல்லாரும் ஒழுங்கா மாத்திரை சாப்பிடறாங்களாமே? குடும்மா, திருத்தித் தர்றேன். உங்கள மாதிரி ஆளுங்கள வளத்து விடத்தானே இவ்வளவு தூரம் வர்றேன்."

கியோமுகிஷா அந்தக் கையைப் பார்த்தாள். அதிலும் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது.

"திருத்தியாச்சு சார். அனுப்பியும் ஆச்சு. ஏத்துக்கிட்டதா நேத்துதான் கடுதாசி வந்துச்சு."

கை தோளிலிருந்து இறங்கியது. "யார் பேர்ல?"

"என் பேர்ல. உங்க பேரும் இருக்கு சார்."

"எங்க?"

"நன்றியில. செம்பட்யாவுக்கு அடுத்து."

பேராசிரியர் வாயைத் திறந்தார். ஏரி ஈக்கள் அழைப்புக்குக் காத்திருக்கும் இனமல்ல. அவர் இருமிக்கொண்டே தண்ணீர் தேடிப் போனார்.

"அம்மணிக்கு ஒரு கிலோ!" என்று முகுமே அலறினான். விஷயம் தெரியாமலே கூடம் முழுவதும் தட்டியது. கியோமுகிஷாவின் கை மறுபடி எழப் பார்த்தது. அதை அடக்கி, கழுத்து அட்டையைக் கழற்றி, ஈ விழாமல் தேநீர்க் கோப்பையை மூடினாள். ஐந்து வருஷத்தில் அந்த அட்டை உதவியது அதற்குத்தான்.