துண்டின் மறுமுனை

சங்கரன்கோவிலில் ஸ்டூடியோ வைத்திருந்த சுந்தரராஜ் வெளியூருக்குப் படம் பிடிக்கப் போனால், இரண்டு ஈரிழைத் துண்டை ஒன்றாக முடிந்து இடுப்பில் சுற்றிக்கொள்வார். மிச்சம் பின்னால் வால் மாதிரி தொங்கும். அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு அவர் மனைவி ஞானபூரணம் நிற்பாள்.

இப்போது கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிகிற காமிரா இல்லை, மக்கா. அவருடையது மூன்று காலில் நிற்கிற மரப்பெட்டி. கறுப்புத் துணிக்குள் தலையைக் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். உள்ளே ஆட்களெல்லாம் தலைகீழாகத் தெரிவார்கள். வெளியே என்ன நடக்கிறது என்று ஒன்றும் தெரியாது. ராயகிரியில் ஒரு கல்யாண வீட்டில், மாப்பிள்ளையின் மாமன்மார் அத்தனை பேரையும் படத்துக்குள் அடக்கப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனவர், பந்திச் சமையலுக்கு வெட்டியிருந்த கோட்டை அடுப்புக் குழிக்குள் குதிகாலை வைத்துவிட்டார். சுற்றி நின்றவர்கள் கத்தத்தான் செய்தார்கள். நாகசுரச் சத்தத்தில் யார் கத்துவது யார் காதில் விழும்?

காலுக்கு மருந்து வைத்துக் கட்டும்போது ஞானபூரணம் சொன்னாள், "இனி நானும் வாரேன். கல்யாண வீட்டுலயும் எழவு வீட்டுலயும் சத்தத்த நம்ப முடியாது. இழுத்தாத்தான் உங்களுக்கு ஒறைக்கும்."

அப்படி வந்தது அந்தத் துண்டு. ஒரு இழுப்பு இழுத்தால் நில் என்று அர்த்தம். சும்மா விட்டிருந்தால் இன்னும் போகலாம். படம் முடிந்ததும் அவர் லென்ஸ் மூடியைப் போட்டு, "ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே பின்னால் எட்டு வைத்து வருவார். திரும்பிப் பார்க்க மாட்டார். அவள் துண்டைச் சுருட்டிச் சுருட்டித் தன் பக்கம் அவரைக் கொண்டுவந்துவிடுவாள்.

ஊர் சும்மா இருக்குமா?

"ஏ அண்ணாச்சி, மதினி அவுத்துவிட்டா எந்தக் காட்டுல போயி மேய்வீரு?"

"மேயப் போறவன் நீருதாம்வே. நான் குருடன். எனக்குக் கண்ணு முதுகுல இருக்கு, அவ கையில இருக்கு."

இளையரசனேந்தல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஆள் வந்தது எழுபத்தைந்து, எழுபத்தாறு வாக்கில். சண்முகையா என்கிற, உழுது பிழைக்கிற சம்சாரி விடிகாலையில் நெஞ்சு அடைத்துச் செத்துப்போனார். அவருக்கு ஒரு படம்கூடக் கிடையாது. எடுத்துக்கொண்டு போவதற்குள் நாற்காலியில் உட்கார வைத்து, சொந்தமெல்லாம் சுற்றி நின்று ஒரு படம் வேண்டும். அது அன்றைக்கு எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். உயிரோடு இருக்கும்போது ஒருத்தருக்கும் தோன்றாது.

புருஷனும் பெண்டாட்டியும் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மானம் மூடாக்குப் போட்டு வெயிலே இல்லாமல் இருந்தது. வீட்டுக்கு முன்னால், தெருவிலேயே பந்தல். சுவரை விட்டுத் தள்ளி, பந்தல் காலில் இரண்டு வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, அதற்கு முன்னால் சண்முகையாவை மாலையோடு உட்கார வைத்திருந்தார்கள். கண் பாதி திறந்திருந்தது. தலை மட்டும் நிற்கவில்லை. நிமிர்த்தி வைத்தால் நெஞ்சில் விழுந்தது. நாற்காலியோடு சேர்த்துத் துணியால் கட்டினார்கள்.

அவர் சம்சாரம் மாரித்தாய் எழுந்து வந்து அந்தக் கட்டை அவிழ்த்தாள். "ஒரு படம். அதுலயும் அவுகளக் கட்டிப்போட்டா வைக்கணும்?" என்றாள். அழவில்லை. காலையிலிருந்தே அப்படித்தான் இருந்தாள் என்றார்கள்.

திரைக்குப் பின்னால் ஒருத்தர் நின்று, இரண்டு வேட்டிக்கும் நடுவே கையை விட்டுப் பிடரியைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். யார் போவது? தம்பி காசி போனால் படத்தில் தம்பி இருக்க மாட்டான். மச்சினன் போனால் மச்சினன் இருக்க மாட்டான். நாளைக்குப் படத்தைச் சுவரில் மாட்டினால், செத்த வீட்டுக்கு வரவே இல்லை என்று பேச்சு வரும். ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்தார்கள்.

"நான் புடிக்கேன்," என்றாள் ஞானபூரணம். அங்கே சொந்தம் இல்லாதவள் அவள் ஒருத்திதான்.

சுந்தரராஜ் தன் இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். "ஏட்டி, துண்டு?"

"இந்தத் தெருவுல என்ன பஸ்ஸா வரப்போகுது? நின்ன எடத்துலயே நின்னு எடுங்க."

சரி என்றுதான் சொன்னார். துண்டின் நுனி மண்ணில் கிடந்தது.

அவள் திரைக்குப் பின்னால் போய்விட்டாள். அவர் துணிக்குள் தலையைக் கொடுத்துப் பார்த்து, வெளியே வந்து, பெட்டிக்குப் பக்கத்தில் நின்று மூடியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "வெளிச்சம் கம்மி. நான் மூடியத் தெறந்து திரும்பப் போடுத வரைக்கும் ஒருத்தரும் ஆடக் கூடாது. வாயத் தெறக்கக் கூடாது. பார்வை இங்கன இருக்கணும். ஆடுனா, அவருக்குப் பக்கத்துல பேய் நிக்க மாதிரி விழுந்துருவீய. அப்புறம் என்னையச் சொல்லாதீய."

அத்தனை பேரும் கல்லாக நின்றார்கள். மூடியைத் திறந்தார்.

தெருக்கோடியில், கொள்ளி வைக்க விறகு ஏற்றின வண்டி பூட்டினபடியே நின்றது. வண்டிக்காரன் வெற்றிலை போடக் கீழே இறங்கியிருந்தான். பையன்கள் வேட்டுப் போட்டார்கள். மாடு மிரண்டு வண்டியோடு கிளம்பிவிட்டது. கொட்டு அடிக்கிறவர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். படத்துக்கு வெளியே இருந்த பெண்கள் மாரடித்துக்கொண்டிருந்தார்கள். வண்டிக்காரன் கத்திக்கொண்டு ஓடி வந்தான். எழவு வீட்டில் அதுவும் ஒரு கத்தல்.

சுந்தரராஜ் முதுகைக் காட்டி நின்றார். அவருக்கு எதிரே நின்றவர்கள் எல்லோரும் அவர் தோளுக்கு மேலே பார்த்தார்கள். அவருக்கு அது தெரிந்தது.

"எங்கன பாக்கீய? இங்கன, இங்கன," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

கண்கள் திரும்பி வந்தன. ஒரு வாய் திறக்கவில்லை, ஒரு கை தூக்கவில்லை. அவர் மூடியைப் போட்டார். போட்டுவிட்டு, எப்போதும் போல, திரும்பிப் பார்க்காமல் பின்னால் எட்டு வைத்தார்.

பெட்டி நின்ற இடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. வண்டி அதை ஒட்டித்தான் போனது.

திரைக்குப் பின்னால் ஞானபூரணம் நின்றுகொண்டிருந்தாள். சத்தம் கூடினது கேட்டது. எடுக்கப் போகிறார்கள், அதனால் அழுகை கூடியிருக்கிறது என்று நினைத்தாள். பிடரி சில்லென்று இருந்தது. இரண்டு நாள் முடி குத்தியது. காலையில் உளுந்து ஊறப் போட்டோமா, இல்லையா என்று யோசித்தாள். கை கடுத்தது. "ஆச்சு" என்று அவர் சொல்லவில்லையே, சொல்லாமல் எப்படி விடுவது? பிடித்துக்கொண்டே நின்றாள்.

வேட்டியை விலக்கிக்கொண்டு மாரித்தாய் வந்தாள். தன் புருஷன் பிடரியிலிருந்து ஞானபூரணத்தின் விரலை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கடைசி விரலை எடுத்த பிறகு, "வாங்க அக்கா," என்றாள்.

வண்டியில் அடிபட்ட சுந்தரராஜைக் காரில் தூக்கிப் போட்டுக் கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. கார் கிளம்புவதற்கு முன்னால் ஞானபூரணம் பெட்டியிடம் போய், படம் விழுந்த தகட்டுக்கு மேல் பலகையைத் தள்ளி மூடி, தகட்டோடு உருவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளிச்சம் பட்டால் படம் கெட்டுவிடும் அல்லவா? "கல்லு" என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. அது தன்னைத்தான் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் சுந்தரராஜுக்கு அடக்கம் நடந்தது. ஜெபம் நடந்தது. வந்தவர்கள் போனார்கள். அவள் சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டாள், படுக்கச் சொன்னால் படுத்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில் இருந்த ஸ்டூடியோ பூட்டிக் கிடந்தது. தகடு உள்ளே இருட்டில் கிடந்தது.

தன் வீட்டுக் காரியமெல்லாம் முடிந்த பிறகு மாரித்தாய் பஸ் ஏறிச் சங்கரன்கோவிலுக்கு வந்தாள். துவைத்து மடித்த துண்டு கையில் இருந்தது. முடிச்சை அவிழ்க்காமலே துவைத்திருந்தாள்.

"படம் கேட்டு வரல அக்கா. இதக் குடுத்துட்டுப் போவோம்னு," என்றாள். அப்புறம், "படம் விழுந்திருக்குமா?" என்று கேட்டாள்.

ஞானபூரணம் அவளை உட்கார வைத்துவிட்டு இருட்டறைக்குள் போனாள். கழுவத் தெரியும், அச்சுப் போடத் தெரியும். எல்லாம் அவளும் செய்த வேலைதான். காகிதம் காய்ந்ததும் கொண்டுவந்து மாரித்தாய் மடியில் வைத்தாள்.

மாலை தெளிவாக இருந்தது. சேலைக் கரை தெளிவாக இருந்தது. முகங்கள்கூடத் தெளிவாகத்தான் இருந்தன. கண் மட்டும், நின்ற அத்தனை பேருக்கும், சாம்பலைத் தொட்டு இழுத்த மாதிரி கலங்கியிருந்தது. சண்முகையாவின் பாதிக் கண் மட்டும் தெளிவாக இருந்தது. அவர் காதோரத்தில் நான்கு விரல் நுனி தெரிந்தது.

"பாத்தீகளா?" என்று ஞானபூரணம் கேட்டாள். படத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

மாரித்தாய்க்கு அது புரிந்தது. "பாத்தேன். எல்லாரும் பாத்தோம்."

அவள் படத்தில் தன் முகத்தின்மேல் விரலை வைத்தாள்.

"ஆடக் கூடாதுன்னு சொல்லிட்டாக அக்கா. எங்க வீட்டு ஆளுக்கு வேற படம் கெடையாது. நான் வாயத் தெறந்தா கெட்டுப்போகும்னு நின்னுட்டேன். வண்டி ஒதுங்கித்தான் வந்துச்சு. அங்கனயே நின்னிருந்தா தாண்டிப் போயிருக்கும். அவுக எதுக்குப் பின்னால வந்தாக?"

"பின்னால நான் நிப்பேன்னு."

மாரித்தாய் படத்தைத் திருப்பி வைத்தாள். மறுபடி நிமிர்த்தினாள்.

"இந்த வெரல அழிச்சிரவா? பென்சிலால அழிக்கலாம்," என்றாள் ஞானபூரணம்.

"இருக்கட்டும்."

இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள். ராஜபாளையம் போகிற பஸ் ஒன்று ஆரன் அடித்துக்கொண்டு போனது. மாரித்தாய் படத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போனாள். எழவுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போக மாட்டார்கள் அல்லவா, அப்படி.

அப்புறம் ஸ்டூடியோவை ஞானபூரணம்தான் நடத்தினாள். வேறு என்ன செய்வாள், என் கண்ணுகளா? போகிற இடத்திலெல்லாம் அந்தத் துண்டைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, அந்த வீட்டு ஆள் ஒருத்தர் கையில் நுனியைக் கொடுப்பாள். படத்தில் தன்னைக் காணோம் என்று அந்த ஆள் முறுக்கிக்கொண்டால், இன்னொருத்தர் கையில் துண்டை மாற்றிக் கொடுத்து இன்னொரு படம் எடுப்பாள். மூடியைத் திறக்குமுன் சொல்லுவாள்: "ஆடாம நில்லுங்க. ஆனா எனக்குப் பின்னால ஏதும் வந்தா ஆடுங்க, கைய நீட்டிக் கத்துங்க. படம் கெட்டா கெட்டுட்டுப் போகுது."

ஜனங்கள் அதைக் கேட்டுக்கொண்டு ஆட்டுக்குட்டி வந்தாலும் கை நீட்டினார்கள். அவள் எடுத்த படங்களில் யாராவது ஒருத்தர் கலங்கித்தான் இருப்பார். "பொம்பள எடுத்தா இப்படித்தான்" என்று பேசினார்கள்.

எழவு வீட்டில் மட்டும் திரைக்குப் பின்னால் யாரையும் நிற்க விடமாட்டாள். நாற்காலியோடு சேர்த்துக் கட்டச் சொல்லுவாள். "கட்டுத் துணி தெரியுதே அக்கா," என்பார்கள்.

"தெரியட்டும்," என்பாள்.